ஹட்செப்சுட்டின் தாடி

மொன்ட்ரியால்-நோர்
ஒக்டோபர் 19, ஞாயிறு

தனுஷாவுக்கு,

நேற்றுக் கூத்துப் பழக்கத்தில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதி வைக்கப் போகிறேன். பிறகு நீ "அப்படி நடக்கவே இல்லை" என்று சொல்லக்கூடாது. மேலே "அன்புள்ள" என்று போடவில்லை. மறந்ததால் அல்ல.

உன் எண்ணை என் கைப்பேசியில் தடுத்துவிட்டேன், அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் விளங்கக்கூடாது என்று தமிழில் எழுதி மேசைக்குக் கீழால் கொடுப்போமே, அதே பழக்கம். ஒரே வித்தியாசம், ஓகஸ்டில் நீங்கள் இல்-பிசார் தீவில் வீடு வாங்கிப் போய்விட்டீர்கள். உன் அப்பாவும் என் அப்பாவும் டவுன்டவுனில் ஒரே உணவகத்துக் குசினியில் நிற்பதால் இது உன்னிடம் வந்து சேரும். சுற்றிவர டேப் ஒட்டியிருக்கிறேன்.

இனி நடந்தது.

மாதா கோவில் நிலக்கீழ் மண்டபத்தில் எல்லோரும் வட்டமாக இருந்தோம். நத்தார் ஒளி விழாவுக்கு இந்த ஆண்டு மோசே கூத்து. நைல் நதியில் கூடையோடு மிதந்து வந்த குழந்தையைப் பார்வோனின் மகள் எடுக்கிறாள். அந்த மகளே பின்பு அரசனாக முடி சூடுகிறாள் என்று நான் ஒரு காட்சி எழுதிச் சேர்த்தேன். பைபிளில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் ஹட்செப்சுட்டாக இருக்கலாம் என்று முன்பு சிலர் எண்ணினார்கள், இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. அதையும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அருமைநாதனிடம் ஒளிக்காமல் சொன்னேன். "கூத்துக்கு அது காணும் பிள்ளை, ராசா வரவு ஒண்டு கிடைச்சிட்டுது" என்று அவர் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அரசன் மேடைக்கு வரும்போது பாடும் பாட்டுத்தான் வரவு. நான் எழுதியது உனக்கு மனப்பாடம்:

மாதருக்குள் முதல்வி வந்தேன் – நைல்
மாநதி நாட்டுக்கு ராசனாய் வந்தேன்
தாதை முடியைத் தரித்துக்கொண்டேன் – இந்தத்
தாடியை நானே கட்டிக்கொண்டேன்

நேற்று, கூத்துக் குழுத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் தாளத்தை மடியில் வைத்துவிட்டு, "ராசா பாட்டு றஜிந்தனுக்கு" என்றார். அவருடைய மகனுக்கு! நான் எழும்பினேன்.

"அங்கிள், அது பொம்பிளை. ஹட்செப்சுட்."

"பொம்பிளையெண்டா ஏன் பிள்ளை தாடி?"

எல்லோரும் சிரித்தார்கள். எகிப்தில் ஆண் அரசர்களும் பொய்த்தாடிதான் கட்டினார்கள் என்று சொன்னேன். அது யாருக்கும் கேட்கவில்லை.

"ராசா உடுப்பு எங்கட வீட்டு உடுப்பு. குருநகரிலயிருந்து கப்பலும் பிளேனும் ஏறி வந்தது. ராசாவும் எங்கட வீட்டிலயிருந்துதான் வாறது. முடிஞ்சுது கதை."

அப்போது எல்லோரும் உன்னைப் பார்த்தோம். நீ ஒரு மாதம் அந்த வரவைப் பாடிப் பழகியவள். இந்த மண்டபத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை போகும் ஒரே குரல் உன்னுடையது. நீ என்ன செய்தாய்? "எனக்குப் பிரச்சினை இல்லை, அங்கிள்" என்றாய். என் கையெழுத்தில் இருந்த உன் கொப்பியை எடுத்து அவனிடம் நீட்டினாய்.

எனக்கு வயிற்றைப் பிரட்டியது. கோபம் இல்லை, தனுஷா. கழிவறையில் யாரோ தண்ணீர் ஊற்றாமல் விட்டுப் போனதைப் பார்க்கும்போது வருமே, அது.

நீ நேரத்தோடு போய்விட்டாய். அதன்பின் நடந்ததையும் கேள். றஜிந்தன் எழும்பிப் பாடினான். இரண்டாம் வரி வரவில்லை. "மறந்து போச்சு அண்ணாவியார்" என்றான், அதையும் இராகத்தோடு. பிற்பாட்டுக்காரரின் வேலை உனக்குத் தெரியும். ஆடுகிறவர் பாடும் வரியை அவர்கள் உடனே தூக்கித் திருப்பிப் பாடவேண்டும், தூக்காமல் விட்டால் கூத்து விழுந்துவிடும் என்று அண்ணாவியார் தொடக்கத்திலேயே சொன்னார். அங்கிளும் மற்ற நால்வரும் தாளத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, "மறந்து போச்சு அண்ணாவியார்" என்று இரண்டு முறை பாடி முடித்த பிறகுதான் முழித்தார்கள்.

வேறொரு நாளென்றால் உன் தோளில் விழுந்து சிரித்திருப்பேன். நேற்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். இனிக் கூத்துக்கு வரமாட்டேன்.

ஜொய்சி

·

இல்-பிசார்
ஒக்டோபர் 23

எடி ஜொய்சி,

உன் கடிதம் வெங்காயம் மணக்கிறது. அப்பா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, டேப்பைக்கூடத் தொடாமல், அம்மாவிடம் காட்டிக் கண் கலங்கினார். "பாரப்பா, இஞ்ச பிறந்ததுகள் தமிழில கடிதம் எழுதுதுகள்." உள்ளே என்னைக் கழிவறையோடு ஒப்பிட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

நீ எழுதுகிறவள். எழுதிவிட்டு, பிடிக்கவில்லை என்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகலாம். மேடையில் நிற்கிறவளுக்கு அப்படி இல்லை. அது எகிப்து இல்லை, ஜொய்சி. அது தண்ணீர்க் குழாய் சொட்டுகிற ஒரு நிலக்கீழ் மண்டபம். யார் ராசாவாக வந்தால் என்ன? ராசா எனக்கு வேண்டாம் என்று நானே சொன்னதாக வைத்துக்கொள்.

நான் இன்னும் பார்வோனின் மகள்தான். குழந்தைப் பொம்மையை உடுப்புக் கூடையிலிருந்து தூக்க வேண்டும். உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன், உன் காட்சியை மாற்றிவிட்டார்கள். இப்போது ராசா துட்மோஸ் என்ற ஆண் பார்வோன். அவர் வந்து கதிரையில் இருக்க, நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவ வேண்டும். அழைப்பிதழும் அடித்தாயிற்று. பிரதி எழுதியது "செபஸ்தியாம்பிள்ளை குடும்பத்தினர்" என்று இருக்கிறது.

வேறொருவர் வாயால் கேட்டால் உனக்கு இன்னும் பிரட்டும். அதனால் நானே சொல்கிறேன்.

கோபத்தை விட்டுப் பழக்கத்துக்கு வா. வராவிட்டால் உன் விருப்பம்.

தனுஷா

·

மொன்ட்ரியால்-நோர்
நவம்பர் 2

தனுஷாவுக்கு,

"யார் ராசாவாக வந்தால் என்ன" என்று கேட்டாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். அதனால்தான் பதில் தாமதம்.

ஹட்செப்சுட்டுக்கு முன்பே எகிப்தில் சோபெக்நெஃபெரு என்று ஒருத்தி பார்வோனாக ஆண்டாள். சிற்பத்தில் பெண் உடையின் மேலேயே அரசனின் உடையையும் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சிலையில் தலை இல்லை. ஹட்செப்சுட்டுக்குப் பின் டவோஸ்ரெட் ஆண்டாள், அவளுடைய கல்லறையை அடுத்த அரசன் தனக்கு எடுத்துக்கொண்டு அவள் படங்களுக்குமேல் சுண்ணம் பூசினான். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத ஆசைப்படுகிறேன், ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். எப்படி முடியை விட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கல்லில் எழுதுவது வென்றவர்கள்தானே.

ஹட்செப்சுட் இருபது வருடத்துக்கு மேல் ஆண்டாள். பூந்து நாட்டுக்குக் கப்பல் அனுப்பி வாசனை மரங்களை வேரோடு கூடையில் கொண்டுவந்தாள். அவள் செத்து நெடுங்காலம் கழித்து உளியோடு ஆட்கள் வந்தார்கள். அவள் முகம், அவள் பெயர், எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கொத்தினார்கள். சில இடங்களில் அப்பாவின் பெயரையோ கணவனின் பெயரையோ வெட்டி வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தேன். சுவரில் எல்லாத் தெய்வங்களும் வடிவாக நிற்கின்றன. நடுவில் ஓர் ஆள் அளவுக்குச் சொறி பிடித்தது மாதிரி ஒரு வடு. புத்தகத்தை மூடிவிட்டேன். என் மதியச் சாப்பாடும் அப்படியே இருந்தது.

அந்த உளிக்காரர்களைவிட எனக்கு அருவருப்பு யார்மேல் தெரியுமா? அவர்களுக்குச் சாரம் கட்டிக் கொடுத்தவர்கள்மேல். வெயிலில் களைத்தபோது தண்ணீர் கொடுத்தவர்கள்மேல். நீ செம்போடு நிற்கிறாய்.

இரண்டு தூண்கள் தப்பின. கர்னாக் கோவிலில் அவள் நிறுத்திய உயரமான கற்றூண்கள். அவற்றைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டார்கள். மறைக்கத்தான் கட்டினார்கள் என்று ஒரு புத்தகம், வேறு காரணம் என்று இன்னொரு புத்தகம். எப்படியோ அந்தச் சுவருக்குள் இருந்த எழுத்துகளில் வெயிலும் படவில்லை, உளியும் படவில்லை. இன்றும் புதிதுபோல இருக்கின்றன.

உனக்கு இதில் அக்கறை இருக்காது. தீவுக்காரி! உன் நீளப் பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, அன்ரிமார் "என்ன தலைமயிரடி" என்று தடவ, நல்ல பிள்ளையாய் நில்.

இனி எழுதாதே.

ஜொய்சி

·

இல்-பிசார்
நவம்பர் 9

ஜொய்சி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படித்த பிறகு கிழித்துக் குப்பையில் போடு, ஆனால் படி.

ஒக்டோபர் 11ஆம் திகதி நீ வரவில்லை, உனக்குக் காய்ச்சல். அன்று உடுப்பு அளவு பார்த்தார்கள். குசினிக்குப் பக்கத்து அறையில் றெஜினா அன்ரி, தலைவரின் மனைவி, அந்தப் பெட்டியைத் திறந்தார். நீ அதைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பூச்சி உருண்டை நாற்றம் முதலில் மூக்கில் அடித்தது. அதற்குக் கீழே வேறொரு நாற்றம், பழைய வியர்வை. ராசா அங்கியின் கக்கம் இரண்டிலும் வளையம் வளையமாக வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. அதைத் துவைப்பதே இல்லையாம். துவைத்தால் அதைப் போட்டு ஆடியவர்களின் வரம் போய்விடுமாம். தாடியை எடுத்தார். யாரோ செத்தவரின் தலைமயிரில் செய்தது. வாய்ப்பக்கம் கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கை, ஜொய்சி. காய்ந்து மஞ்சளாகி, மயிருக்குள். பெட்டி மூலையில் கரப்பான் முட்டைக் கூடு.

இவ்வளவையும் பார்த்தும் நான் கையை நீட்டினேன். ராசாவாக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு.

அன்ரி தாடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கேக்கிறனெண்டு குறை நினையாத பிள்ளை. நீ இப்ப சுகமாத்தானே இருக்கிறாய்?"

"ஓம் அன்ரி, சுகம்."

"அதில்லையடி. வீட்டுக்கு விலக்கோ எண்டு கேக்கிறன்."

கதவு திறந்திருந்தது. குசினியில் மீன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த அன்ரிமார் கையை நிறுத்தினார்கள். எனக்குக் காது சுட்டது. இல்லை என்றேன். அன்ரி சுவரில் இருந்த கோவில் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன மாசம் எப்ப? சொல்லு, வெக்கப்படாத. நாங்களும் பொம்பிளையள்தானே."

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினார். புனிதர்களின் திருநாள்களுக்கு மேலாலே எண்ணிக்கொண்டு டிசம்பர் இருபதுக்கு வந்தார்.

"சரியா வந்து விழுது. வேண்டாம் பிள்ளை. இந்த உடுப்பு பொல்லாதது. துடக்கோட தொட்டா மேடையில விழுந்து சாவினம். அதோட நீங்கள் சைவம், வேதக்காரரும் இல்லை. பார்வோன்ர மகளுக்கு வேற சீலை தாறன்."

பிறகு சின்னப் போத்தலில் இருந்த தீர்த்தத்தை எடுத்து, என் முழங்கை பட்ட அங்கியின் கையில் தெளித்தார். றஜிந்தன் கதவடியில் நின்றான். சிரிக்கவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டினான். அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

இப்போது தெரிகிறதா? அந்தச் சனிக்கிழமை நீ எழும்பிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது றெஜினா அன்ரி வாயைத் திறந்துகொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் நீ கதைத்திருந்தால் காரணத்தைத் தாளத்தோடு முழு மண்டபத்துக்கும் சொல்லியிருப்பார். அதனால்தான் "எனக்குப் பிரச்சினை இல்லை" என்றேன்.

அந்த அங்கியை நான் அசுத்தப்படுத்திவிடுவேனாம். அந்தத் தாடியை. நான்.

வீட்டுக்கு வந்து முழங்கையைத் தேய்த்துக் கழுவினேன். அவர் தீர்த்தம் தெளித்தது எந்த நாற்றத்துக்கு என்று யோசித்துக்கொண்டே கழுவினேன்.

தனுஷா

·

மொன்ட்ரியால்-நோர்
நவம்பர் 18

அன்புள்ள தனுஷா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

செம்பைப் பற்றி எழுதியதை எடுத்துவிடு. அந்தத் தாளை அடுப்பில் போடு.

அம்மாவிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஒரு பிள்ளைக்கு நடந்தது என்றேன். அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "அது வழக்கம் பிள்ளை. நாங்களும் பொறுத்தனாங்கள்தானே." கத்தி ஒரே சீராய்ப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணாவியாருக்கு ஃபோன் எடுத்தேன். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இருமினார். "தெரியும் பிள்ளை. உடுப்பு அவையளின்ர. உடுப்பில்லாமல் கூத்தில்லை. நான் வெறும் மத்தளக்காரன்" என்றார். பிறகு, கோபப்பட்டவர் மாதிரி, "உன்ர வரவு நல்ல வரவு" என்று சொல்லி வைத்துவிட்டார். நல்ல வரவு என்று தெரிந்துகொண்டே அதை எறிந்திருக்கிறார். தெரியாமல் எறிந்திருந்தால் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, பார். ரோல்ஸ் சுற்றிய அன்ரிமார் அத்தனை பேருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு பூசையில் அவர்களோடு சமாதானம் சொல்லிக் கைகொடுக்க வேண்டிவந்தது. கொடுத்தேன். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீயும் விட்டுவிடு. அவர்களுக்குக் காலைக் கழுவ வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஜொய்சி

·

இல்-பிசார்
டிசம்பர் 18

அன்புள்ள ஜொய்சி,

விடமாட்டேன். நீ எழுதினாயே, சுவருக்குள் இருந்த எழுத்து அழியவில்லை என்று. எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்துத்தான் எழுதினாய். நான் அந்தப் பக்கத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் செம்பைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, காலைக் கழுவிப் பழகுகிறேன். எல்லோருக்கும் சந்தோசம். றெஜினா அன்ரி எனக்கு ரோல்ஸ் தருகிறார். நான் அதைத் கைதுடைக்கும் தாளில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் காகத்துக்குப் போடுகிறேன்.

இருபதாம் திகதி நீ வா. அம்மாவோடு வந்து கடைசி வரிசையில் இரு. எனக்கு மேடையில் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், சனத்தைத் தெரியாது. நீ பார். எல்லாவற்றையும் உண்மையாக எழுதி வைப்பதாக முதல் கடிதத்தில் சொன்னாயே. அதைச் செய். எனக்குச் சார்பாக எழுதாதே. பார்த்ததை எழுது.

கலண்டரில் எண்ணினார்களே, சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். நேற்றே வந்துவிட்டது. எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

தனுஷா

·

மொன்ட்ரியால்-நோர்
டிசம்பர் 28, ஞாயிறு

அன்புள்ள தனுஷா,

உன் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்களாம். அப்பாமார் இருவரும் குசினியில் ஒரு வாரமாக இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லையாம். ஆனாலும் "ஏதும் கடிதம் இருந்தாத் தா" என்று நேற்று உன் அப்பாவே கேட்டிருக்கிறார். அதனால் இது உன்னிடம் வரும்.

உன்னைப் பின்கதவால் கூட்டிக்கொண்டு போன பிறகு நடந்ததை முதலில் எழுதுகிறேன். அந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிட ஆசை.

வெளிச்சம் திரும்பி வந்தது. அங்கிள் மைக்கைப் பிடித்து, "சின்னக் கரண்ட் கோளாறு, எல்லாரும் இருங்கோ" என்றார். நேரே செங்கடலைப் பிரித்தார்கள். அது முடிய ரோல்ஸ் வந்தது. ஓர் அன்ரி என் முன்னால் நின்று, விரலில் எண்ணெய் வழிய வழிய, "தலைமயிரையும் வெட்டிப்போட்டு, சீ, அசிங்கம்" என்றார். அசிங்கம் என்ற சொல்லோடு ஒரு துண்டு மீன் வெளியே வந்து அவருடைய சீலையில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்தார். அங்கிள் ஒவ்வொரு மேசையாகப் போய், "நான் பாடேல்லை. வாய் அசைஞ்சது, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணாவியார் மத்தளத்துக்கு உறை போட்டார். யாரோ அம்மாவிடம் தட்டை நீட்டினார்கள். "வேண்டாம். வயித்தைப் பிரட்டுது" என்றார் என் அம்மா. பாண் வெட்டும்போது நிமிராத அதே அம்மா.

வியாழக்கிழமை கூத்து வீடியோவை இணையத்தில் போட்டார்கள். பார்த்தேன். நீ கூடையிலிருந்து பொம்மையைத் தூக்குகிறாய். உடனே திரையில் ஒரு பொன் நட்சத்திரம் சுழன்று வருகிறது. அது போனதும் செங்கடல். தொடக்கத்தில் வரும் பெயர்களில் உன் பெயரும் இல்லை. அந்த நட்சத்திரம் சுழலும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். சுவரில் ஓர் ஆள் அளவுக்கு இருந்த வடு எனக்கு ஞாபகம் வந்தது. இது அதைவிட வழவழப்பாக, மினுக்கமாக இருந்தது. அதனால் இன்னும் அருவருப்பாக இருந்தது.

அதனால் இனி எழுதுவது வேறெங்கும் இல்லை. கவனமாக எழுதுகிறேன்.

நான் கடைசி வரிசையில், குளிர்ச் சப்பாத்துகள் குவிந்து கிடந்த மூலைக்குப் பக்கத்தில் இருந்தேன். உருகின பனித் தண்ணீர் கதிரைக்குக் கீழே ஓடியது. றஜிந்தன் ராசா அங்கியோடு வந்து கதிரையில் இருந்தான். தாடி ஒட்டிய இடம் அவனுக்குச் சிவந்து தடித்திருந்தது. துட்மோஸின் வரவைப் பாடி முடித்தான், நடுவில் ஒரு தும்மல். நீ செம்போடு வந்தாய். தலையில் முக்காடு. குனிந்தாய். அவன் காலை நீட்டினான்.

நீ செம்பைக் கீழே வைத்தாய். அவசரமே இல்லாமல், வீட்டில் வைப்பதுபோல. முக்காட்டை எடுத்தாய். பின்னல் இல்லை! கட்டையாக வெட்டிய தலைமயிர். முன்வரிசையில் யாரோ "ஐயோ மாதாவே" என்றார்கள். நீ இடுப்பிலிருந்து ஒரு பின்னலை எடுத்தாய். நுனியில் உன் சிவப்பு ரப்பர் பட்டி இருந்தபடியால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. உன் பின்னல். அதன் மேல்நுனியில் நாடா கோத்திருந்தாய். நாடாவை ஒரு காதில் மாட்டி, மற்றக் காதில் மாட்டி, பின்னலை நாடிக்குக் கீழே தொங்கவிட்டாய். சிலையில் இருப்பதுபோலவே. துவைத்த மயிர், எண்ணெய் வைத்துச் சீவிய மயிர், யாருடைய சோறும் ஒட்டாத மயிர். யாருடைய பெட்டியிலிருந்தும் வராத தாடி.

றஜிந்தன் உன்னைப் பார்த்தான். கதிரையிலிருந்து எழும்பி ஓரமாய்ப் போனான். தன் தாடியைப் பிய்த்து எடுத்துவிட்டு நாடியைச் சொறிந்தான். ஆறுதலாகச் சொறிந்தான்.

நீ பாடினாய். மைக் இல்லாமல்.

மாதருக்குள் முதல்வி வந்தேன் – நைல்
மாநதி நாட்டுக்கு ராசனாய் வந்தேன்

அண்ணாவியாரின் கை மத்தளத்துக்கு மேலே நின்றதைப் பார்த்தேன். கீழே வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. சரியான இடத்தில், சரியான தட்டு. மத்தளம் விழுந்தால் பிற்பாட்டும் விழ வேண்டும். அவர்கள் ஐந்து பேரும் பக்கவாட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் வழக்கம்போலக் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு வரியையும் தூக்காமல் விட்டதில்லை. தூக்கினார்.

"மாதருக்குள் முதல்வி வந்தேன்" என்று முழு மூச்சோடு பாடினார். மற்றவர்களும் பாடினார்கள்.

றெஜினா அன்ரி முன்வரிசையிலிருந்து எழும்பினார். "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று அங்கிளைக் கூப்பிட்டார். தாளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அன்ரி குசினிக் கதவடிக்கு, விளக்கு ஆளிகள் இருக்கும் பக்கம், சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நீ அவரைக் கண்டாயோ தெரியாது. ஓர் அடி முன்னால் வைத்து அடுத்த இரண்டு வரியையும் பாடினாய். தாதை முடியைத் தரித்துக்கொண்டேன். இந்தத் தாடியை நானே கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டேன் என்ற இடத்தில் உன் குரல் எனக்குப் பின்னால் இருந்த சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அங்கிள் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டி, நாடியை நிமிர்த்தி, "தாடியை நானே கட்டிக்கொண்டேன்" என்று இரண்டு முறை பாடினார்.

இரண்டாவது முறையின் பாதியில் கண்ணைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. மத்தளம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. நீ தாடியோடு நிமிர்ந்து நின்றாய்.

அப்போது விளக்குகள் அணைக்கப்பட்டன.